மூடுல் பழுதைச் சரிபண்ண மாணவரின் பாஸ்வேர்டு எதற்கு?

பாடம், தேர்வு, மார்க் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவுகிற மென்பொருள் மூடுல். அது வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிற கல்லூரிகளில் பல, முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே பாஸ்வேர்டையும் அனுப்பிவிடுகின்றன. தளத்தின் முகவரி, அதற்குக் கீழே அட்மின் லாகின், அதற்கும் கீழே "இந்தப் பையனுக்குத்தான் சார் வரல, அவன் லாகின் இது" என்று ஒரு ரெஜிஸ்டர் எண், ஒரு பிறந்த தேதி. பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. அந்த வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான்.

கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, ஒன்றிரண்டு பயிற்சி மையங்கள் என்று மூடுல் தளங்களைச் சரிபண்ணிக் கொடுப்பது என் தொழில். 2002இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட மென்பொருள் அது. இலவசம், மூல நிரலும் திறந்தது என்பதால் லைசென்ஸ் பணம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். 2020 ஊரடங்கில் இங்கே நிறைய இடங்களில் அவசரம் அவசரமாக நிறுவினார்கள், அப்போது போட்ட அமைப்புகள் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி அந்தத் தளங்கள்தான். அவற்றில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பழுதைக் கண்டுபிடிப்பதை விட, யாருடைய கணக்கில் இருந்துகொண்டு அதைத் தேடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். இதைச் சொன்னால் "இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான்" என்கிறார்கள். அப்படி இல்லை. இன்டர்னல் மார்க் போடுகிற எந்தத் தளத்துக்கும் இது பொருந்தும்.

மாணவரின் லாகினில் நுழைந்தால் என்ன ஆகும் என்று முதலில் பார்க்கலாம். அவருடைய குவிஸைத் திறந்து "அட்டெம்ப்ட்" பட்டனை அமுக்கினால் அவருடைய தேர்வு தொடங்கிவிடும், கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிடும். நாம் ஜன்னலை மூடிவிட்டு வந்துவிட்டாலும் நேரம் முடிந்ததும் மூடுல் தானாகவே அதைச் சமர்ப்பித்துவிடும், வழக்கமான அமைப்பே அதுதான். ஒரே ஒரு முயற்சிதான் அனுமதி என்று ஆசிரியர் வைத்திருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பூஜ்யம் விழுந்துவிடும். அதை நீக்கலாம், அந்த ஒரு மாணவருக்கு மட்டும் இன்னொரு முயற்சியும் கொடுக்கலாம், ஆனால் அப்படி ஒன்று நடந்தது என்று யாராவது கவனித்தால்தானே? அதே மாதிரி, பார்த்தாலே போதும் என்று அமைத்த பாடப்பகுதிகளை நாம் திறந்து பார்த்தால் மாணவர் படித்து முடித்துவிட்டதாக டிக் விழும், அதை நம்பி அடுத்த பாடம் திறந்துகொள்ளும். இதெல்லாம் போகட்டும் என்றாலும் லாக் இருக்கிறது, அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவேடு. அவருடைய பாஸ்வேர்டில் நுழைந்தால் நாம் செய்த எல்லாமே அவர் செய்ததாகத்தான் பதிவாகும். நாளைக்கே "நான் அன்றைக்கு லாகினே பண்ணவில்லை சார்" என்று அந்தப் பிள்ளை வந்து நின்றால், உண்மையைச் சொல்கிற பிள்ளையை லாக் பொய்யனாக்கிவிடும். எனக்கு இதில் எந்தச் சமரசமும் கிடையாது. பாஸ்வேர்டு அனுப்பினால் அந்தச் செய்தியை நீக்கச் சொல்லி, மாணவரிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்குவேன்.

சரி, மாணவருக்கு வருகிற பழுதை அவருடைய கணக்கில் நுழையாமல் எப்படிப் பார்ப்பது? ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு துறையின் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய நாள். ஒருங்கிணைப்பாளர் மேடம் போன் பண்ணினார். "சார், நான் பார்த்தா குவிஸ் வருது, பிள்ளைங்க யாருக்கும் வரல. நாளைக்குக் காலைல டெஸ்ட்." நான் பார்த்தால் வருகிறது என்ற பேச்சு இந்தத் தொழிலில் தினமும் காதில் விழும். ஆசிரியருக்கு வருவது வேறு பட்டன், அது "பிரிவியூ". மாணவருக்கு வர வேண்டியது "அட்டெம்ப்ட்". இரண்டுக்கும் வேறு வேறு அனுமதிகள். அட்மினாகப் பார்ப்பது இன்னும் மோசம், ஏனென்றால் தள அட்மினுக்கு மூடுல் எந்த அனுமதியையும் சோதிப்பதில்லை, கதவெல்லாம் திறந்தே இருக்கும். அட்மினாகப் போய் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதில் ஒரு பொருளும் இல்லை.

மேடத்திடம் ஒரு மாணவியை கூகுள் மீட்டில் சேர்த்துவிடச் சொன்னேன். அந்தப் பெண் தன்னுடைய போனிலேயே திரையைக் காட்டினார். குவிஸ் பக்கம் திறக்கிறது, தேதி தெரிகிறது, நேர அளவு தெரிகிறது, பட்டன் மட்டும் இல்லை. இது பெரிய தகவல். கோர்ஸில் சேர்க்கப்படாமல் இருந்தால் பக்கமே வேறு மாதிரி வரும், தேதி இன்னும் திறக்கவில்லை என்றால் அதைப் பற்றி ஒரு வரி இருக்கும். பட்டன் மட்டும் காணோம் என்றால் அனுமதியில்தான் கோளாறு. ரோல் என்பது ஒருவருக்கு என்னென்ன அனுமதி என்று தீர்மானிக்கிற பொறுப்பு. மேடத்தின் கணக்கிலிருந்தே "ஸ்விட்ச் ரோல்" போய் ஸ்டூடன்ட் என்று மாற்றிப் பார்க்கச் சொன்னேன், அங்கேயும் பட்டன் இல்லை. ஆக இது எந்தத் தனி மாணவரின் பிரச்சினையும் இல்லை, ஸ்டூடன்ட் என்ற ரோலுக்கே வந்தது.

அடுத்து குவிஸின் அனுமதிகள் பக்கத்தில் "செக் பர்மிஷன்ஸ்" என்று ஒன்று உண்டு. அதிகம் பேர் அந்தப் பக்கம் போவதில்லை. அதில் ஒரு மாணவரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்தில் அவருக்கு என்னென்ன செய்ய முடியும், என்னென்ன முடியாது என்று ஆமாம், இல்லை என்று வரிசையாகப் பட்டியல் போட்டுக் காட்டும். பாஸ்வேர்டு வேண்டாம், அவருடைய கணக்கைத் தொடவும் வேண்டாம். குவிஸ் எழுதும் அனுமதிக்கு நேராக "நோ" என்று இருந்தது. அந்தக் குவிஸில் யாரும் எதையும் மாற்றவில்லை, கோர்ஸிலும் இல்லை. ஒரு படி மேலே, துறையின் கோர்ஸ்களை எல்லாம் அடக்கிய கேட்டகரியில் போய்ப் பார்த்தால் ஸ்டூடன்ட் ரோலுக்குக் குவிஸ் எழுதும் அனுமதி "புரோஹிபிட்" என்று வைக்கப்பட்டிருந்தது.

மூடுலில் தடுப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. "பிரிவென்ட்" என்று வைத்தால் கீழே இருக்கிற கோர்ஸிலோ குவிஸிலோ மறுபடி அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். "புரோஹிபிட்" என்று மேலே ஓர் இடத்தில் வைத்துவிட்டால் கீழே யார் என்ன கொடுத்தாலும் செல்லாது. முந்தைய செமஸ்டரில் கேள்விகள் வெளியே போகக்கூடாது என்று யாரோ துறை முழுவதையும் பூட்டியிருக்கிறார்கள், அப்புறம் திறக்கவில்லை. கேட்டகரியில் அந்த ஒரு தடையை எடுத்ததும் மாணவியின் போனில் பட்டன் வந்துவிட்டது. (குவிஸைப் பூட்ட வேண்டும் என்றால் முடிவுத் தேதி வையுங்கள், இல்லை மறைத்து வையுங்கள். அனுமதியில் கை வைக்காதீர்கள்.)

யார் வைத்தார்கள் என்று தேடினால் லாகில் "அட்மின் யூசர்" என்றுதான் இருந்தது. அந்தக் கல்லூரியில் ஐடி செல், இரண்டு துறைகளின் ஒருங்கிணைப்பாளர்கள், ஹோஸ்டிங் ஆள் எல்லோரும் அந்த ஒரே அட்மின் கணக்கைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக நான் தேடவில்லை. வேறு எந்த எந்தக் கேட்டகரியில் அதே ஆள் இதே வேலையைச் செய்திருப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகத் தேடினேன். கேட்க ஆள் இல்லாததால் எல்லாக் கேட்டகரியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. இன்னொன்றிலும் அதே தடை இருந்தது. அட்மின் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு கணக்கு இருந்திருந்தால் ஒரு போன் காலில் முடிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான பழுது ஒன்றும் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு ஆசிரியருக்கு அவருடைய கோர்ஸ் திறக்கவில்லை என்று புகார் வரும், அவசரத்தில் யாராவது அவருக்கு டீச்சர் ரோலை தளம் முழுவதற்குமான மட்டத்தில் கொடுத்துவிடுவார்கள். அவருக்குத் திறந்துவிடும், புகாரும் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எல்லாத் துறையின் எல்லாக் கோர்ஸுக்கும் டீச்சர். யாருடைய மார்க்கையும் பார்க்கலாம், மாற்றலாம், நாளைக்கு வரப்போகிற கேள்வித்தாளையும் பார்க்கலாம். அவர் நல்லவர் என்பது வேறு விஷயம், அவருடைய பாஸ்வேர்டும் பிறந்த தேதியாக இருந்தால் என்ன செய்வது? எந்தத் தளத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு பக்கங்கள். ஒன்று தள அட்மின்களின் பட்டியல், இன்னொன்று சிஸ்டம் மட்டத்தில், அதாவது தளம் முழுவதற்கும், யார் யாருக்கு என்ன ரோல் என்ற பட்டியல். இரண்டிலும் வேலையை விட்டுப் போனவர்களின் பெயர் இருக்கும், யாருக்கும் அடையாளம் தெரியாத பெயரும் இருக்கும். பழுது என்னவாக இருந்தாலும் அதைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சில பழுதுகள் ஒரே ஒருவருக்குத்தான் வரும். அங்கே ரோல் மாற்றிப் பார்ப்பது உதவாது. ஏனென்றால் ரோலை மாற்றினாலும் அந்த மாணவரின் குழு, அவர் சேர்ந்த தேதி, சேர்க்கை முடிகிற தேதி இதெல்லாம் நமக்கு வராது. முதலில் கோர்ஸின் பங்கேற்பாளர் பட்டியலில் அவரைத் தேடிச் சேர்க்கை உயிரோடு இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டிருக்கிறதா, எந்த வழியில் சேர்ந்தார் என்று பார்க்க வேண்டும். பாதி நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும். கையால் சேர்த்தது ஒன்று, கோஹார்ட் (மொத்தமாகச் சேர்க்க வைத்திருக்கிற மாணவர் தொகுதி) வழியாகத் தானாகச் சேர்ந்தது ஒன்று என்று இரண்டு இருக்கும், அல்லது செக்ஷன் மாறிய மாணவர் பழைய குழுவிலேயே இருப்பார்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் "லாகின் ஆஸ்" என்று ஒரு வழி மூடுலிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் அந்த மாணவராக உள்ளே போகலாம். அட்மினுக்கும் மேனேஜர் ரோலுக்கும் இது இயல்பாகவே உண்டு, ஆசிரியர்களுக்குக் கிடையாது, கொடுக்கவும் வேண்டாம். பாஸ்வேர்டை வாங்கி நுழைவதை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் லாகில் இன்னார் இன்னாராக நுழைந்து இதைச் செய்தார் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே பதிவாகும். ஆனாலும் முன்னே சொன்ன ஆபத்தெல்லாம் இதிலும் உண்டு. குவிஸைத் தொடங்கினால் அவருடைய தேர்வுதான் தொடங்கும், மன்றத்தில் எழுதினால் அவர் பெயரில்தான் வரும், அவருடைய தனிச் செய்திகளும் நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அதனால் நான் பழக்கமாக வைத்திருப்பது இது: முதலில் மாணவருக்குப் போன் பண்ணி எதற்காக நுழைகிறேன், எந்தப் பக்கத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி சரி என்று கேட்டுக்கொள்வேன். தளத்தின் முகப்பிலிருந்து போகாமல் அந்தக் கோர்ஸுக்குள் இருந்தே "லாகின் ஆஸ்" போவேன், இந்த அனுமதி நமக்குக் கோர்ஸ் அளவில் மட்டும் இருந்தால் மூடுல் நம்மை அந்தக் கோர்ஸை விட்டு வெளியே விடாது. பிரைவேட் ஜன்னலில் செய்வேன். பார்த்ததும் லாகவுட். எந்த நேரத்தில் நுழைந்தேன், எதைப் பார்த்தேன் என்று ஆசிரியருக்கு இரண்டு வரி மெயில். தேர்வு நடந்துகொண்டிருக்கிற நேரத்தில் இதைச் செய்யவே மாட்டேன்.

சோதனைக் கணக்கு வைத்துக்கொள்வது இதை விடச் சுலபம். "சோதனை மாணவர்" என்று பெயரிலேயே தெரிகிற மாதிரி ஒன்று, உண்மையான மாணவர்கள் எந்த வழியில் சேர்கிறார்களோ அதே வழியில் சேர்த்து, அதே குழுவில் போட்டு வைத்தால் பெரும்பாலான பழுதை அதிலேயே பார்த்துவிடலாம். வேலை முடிந்ததும் கோர்ஸிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதன் பூஜ்ய மார்க் வகுப்புச் சராசரியில் வந்து உட்காரும். கணக்கை சஸ்பெண்ட் செய்து வையுங்கள், அடுத்த முறை உதவும்.

கணக்கை நீக்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பக் கொண்டுவர முடியாத சேதம் இதில்தான் நடக்கிறது. ஒரு மாணவருக்கு லாகின் ஆகவில்லை, பாஸ்வேர்டு மாற்றியும் ஆகவில்லை. கணினி ஆய்வகத்தில் இருக்கிற தம்பி பொறுமை போய் அந்தக் கணக்கை டெலீட் செய்துவிட்டு அதே ரெஜிஸ்டர் எண்ணில் புதிதாக ஒன்று உருவாக்குகிறார். லாகின் ஆகிவிடுகிறது. ஆனால் மூடுலைப் பொறுத்தவரை இது புது ஆள். பழைய கணக்கோடு சேர்க்கைகள் போயின, மார்க் போனது, முந்தைய அசைன்மென்ட் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அதே எண் என்பதால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளாது. அந்தப் பிள்ளையின் ஒரு செமஸ்டர் வேலையை பேக்கப்பிலிருந்து எடுத்து, கைப்பட மார்க் ஏற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பேக்கப் இருந்ததால் அது முடிந்தது. லாகின் ஆகாததற்குக் காரணம் என்னவென்றால், அவருடைய கணக்கில் நுழைவு முறை வேறாக இருந்தது. கூகுள் வழியாக நுழைய வேண்டிய கணக்கு, அவர் யூசர்நேம், பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருந்தார். கணக்கின் விவரப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிற தகவல். எந்தக் கணக்கையும் நீக்காதீர்கள், சஸ்பெண்ட் செய்யுங்கள், அது போதும்.

கூகுளால் வருகிற இன்னொரு தலைவலி இரட்டைக் கணக்கு. கல்லூரி மெயிலில் ஒன்று, சொந்த ஜிமெயிலில் ஒன்று என்று ஒரே மாணவருக்கு இரண்டு வந்துவிடும், பாதி மார்க் இதில், பாதி அதில். இரண்டையும் சேர்க்க மூடுலின் அடிப்படை மென்பொருளில் வசதி இல்லை, அதற்கென்று தனி பிளகின் இருக்கிறது. சேர்த்தால் பிரிக்க முடியாது. அதனால் தளத்தின் நகலில் ஒரு தடவை செய்து பார்த்து, மாணவரிடமும் காட்டி, அப்புறம்தான் உண்மையான தளத்தில்.

நகல் என்று சொன்னதும் ஒன்று. உண்மைத் தளத்தை அப்படியே நகலெடுத்து வேறு சர்வரில் போடும்போது அதில் எல்லா மாணவர்களின் மெயில் முகவரியும் இருக்கும். அங்கே கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்கிற நிரல்) ஓட ஆரம்பித்த உடனே பிள்ளைகள் எல்லோருக்கும் நினைவூட்டல் மெயில் பறக்கும். தளத்தின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற கன்ஃபிக் கோப்பில் மெயிலே போகக்கூடாது என்று ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் நகலை இயக்க வேண்டும். எல்லா மெயிலையும் நம் ஒரே முகவரிக்குத் திருப்புகிற அமைப்பும் இருக்கிறது, எனக்கு அதுதான் வசதி, எது போகிறது என்று பார்க்கலாம். வேலை முடிந்ததும் நகலை அழித்துவிட வேண்டும். ஒரு கோர்ஸை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும் என்றால் பேக்கப் எடுக்கும்போதே பயனர் விவரங்களைச் சேர்க்காமல் எடுக்கலாம், இல்லை பெயர்களை மறைத்து எடுக்கலாம், இரண்டுக்கும் டிக் பெட்டி அங்கேயே இருக்கிறது.

பிறந்த தேதி பாஸ்வேர்டுக்கு வருகிறேன். சிஎஸ்வி கோப்பில் (எக்செல் மாதிரியான பட்டியல்) மொத்தமாகக் கணக்கு ஏற்றும்போது முதல் லாகினில் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்று வைக்கலாம். ஏற்கெனவே ஏற்றிய கணக்குகளுக்கும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் கட்டாயமாக்கலாம். செமஸ்டர் நடுவில் செய்தால் ஹெல்ப்டெஸ்க் திணறும், விடுமுறை முடிந்து திறக்கிற வாரத்தில் செய்யுங்கள். "பிள்ளைங்க மறந்துடுவாங்க சார்" என்பார்கள். மறந்தால் ரீசெட் மெயில் இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று அதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். நான் பார்த்த பல தளங்களில் அவுட்கோயிங் மெயிலே அமைக்கப்படவில்லை, அதனால்தான் எல்லோரும் பாஸ்வேர்டுக்கு எக்செல் கோப்பை நம்பியிருந்தார்கள்.

சட்டமும் இப்போது இதில் வந்துவிட்டது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், முதலாண்டு மாணவர்களில் பதினேழு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னாலேயே, 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறது. சர்வரில் இடம் போதவில்லை என்று மூடுல் லாகை 35 நாளாகக் குறைத்து வைத்திருக்கிற தளங்களைப் பார்க்கிறேன். மார்க் தகராறு வருவதே பெரும்பாலும் ரிசல்ட் வந்த பிறகுதான், அப்போது லாக் இருக்காது. அமைப்பை மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கடைசியாக, சரிபண்ண வருகிற ஆளுக்குக் கொடுக்கிற அனுமதி, அதாவது எனக்குக் கொடுப்பது. என் பெயரில் ஒரு கணக்கு கேட்பேன், முதலில் மேனேஜர் ரோல் போதும். அட்மின் வேண்டிய வேலை வந்தால் அப்போது கேட்டு, முடிந்ததும் எடுத்துவிடச் சொல்வேன். அட்மின் பாஸ்வேர்டே யாருக்கும் தெரியாமல் போன இடங்களும் உண்டு, அதற்காக டேட்டாபேஸைத் திறந்து கை வைக்க வேண்டியதில்லை, சர்வரிலேயே பாஸ்வேர்டை மாற்றுகிற ஸ்கிரிப்ட் மூடுலோடு வருகிறது. அதை ஓட்டும்போது கல்லூரி ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்து, புதுப் பாஸ்வேர்டை அவரே அடிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பில்லோடு ஒரு மெயில் அனுப்புவேன். என்னுடைய மூடுல் கணக்கை சஸ்பெண்ட் செய்யுங்கள், ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், சர்வரில் தொலைவிலிருந்து நுழைவதற்கான என்னுடைய எஸ்எஸ்எச் சாவியை எடுத்துவிடுங்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினால் கன்ஃபிக் கோப்பிலும் மாற்ற மறக்காதீர்கள், வேறு மென்பொருள் மூடுலோடு பேசுவதற்கான வெப் சர்வீஸ் டோக்கன் ஏதாவது உருவாக்கியிருந்தால் அதன் பெயர் இது, நீக்கிவிடுங்கள் என்று எல்லாம் எழுதியிருக்கும். நிறைய பேர் பில்லுக்கு மட்டும் பதில் போடுவார்கள். ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குப் பிறகும் என் கணக்கில் லாகின் ஆனால் போன் பண்ணி, "மேடம், இன்னும் நான் உள்ளே வர முடிகிறது, இப்போதே எடுத்துவிடுங்கள், நான் லைனில் இருக்கிறேன்" என்று சொல்லி, எடுத்து முடிக்கிற வரை போனை வைப்பதில்லை.